உப்புக்காத்து வீட்ல டேப்பு, சுவிட்ச், ஃபேன் நாமளே மாத்தறது எப்படி

எங்க வீடு வட சென்னை தண்டையார்பேட்டைல. கடலுக்கும் எங்களுக்கும் நடுவுல நாலஞ்சு தெருவும் ஒரு ரோடும்தான். மொட்ட மாடிக்கு போனா காசிமேடு பக்கத்துலருந்து மீன் வாசனையோட காத்து வரும், சாயங்காலம் நல்லாத்தான் இருக்கும், ஆனா அந்த காத்துல இருக்கற உப்பு வீட்ல ஒரு ஸ்க்ரூவையும் விட்டு வைக்காது. மேல காத்துல உப்பு, கீழ போர் தண்ணில உப்பு. அதனால வீடியோல ஒருத்தர் "கழட்டுங்க, வாசரை மாத்துங்க, மாட்டுங்க, அவ்ளோதான்"னு சொல்ற அஞ்சு நிமிஷ வேலை நம்ம பக்கம் அரை நாள் இழுக்கும். இங்க கழட்டறதுதான் வேலையே, மாட்டறது சும்மா. திருவொற்றியூர், ராயபுரம், எண்ணூர்னு கடலோரமா இருக்கறவங்களுக்கு நான் சொல்றது புரியும்.

சாமான்னு பாத்தா பெருசா ஒண்ணும் வேணாம். ஒரு 10 இஞ்ச் ஸ்க்ரூ ஸ்பானர், ஒரு பைப் ரிஞ்ச், கட்டிங் பிளேயர், டெஸ்டர், கைப்பிடி நல்லா இருக்கற ஸ்க்ரூ டிரைவர் ரெண்டு, மரைல சுத்தற வெள்ளை டெப்லான் டேப் நாலு ரோல், இன்சுலேஷன் டேப், ஒரு பழைய டூத் பிரஷ், துரு இளக்கற ஸ்ப்ரே. முன்னாடி எல்லாம் ரேஷன் மண்ணெண்ணெய ராத்திரி ஊத்தி வெச்சா காலைல எந்த நட்டும் இளகிடும், இப்ப அது கைக்கு கெடைக்கறதில்ல, ஸ்ப்ரேதான். பாரீஸ் பக்கம் செம்புதாஸ் தெருவுல பைப்பு, வால்வுன்னு கடைங்க இருக்கு, மொத்தமா வாங்கறதுன்னா போலாம், ஒரு வாசருக்காக பஸ் ஏறாதீங்க, தெருமுனை ஹார்டுவேர் கடை போதும். ஆனா பழசை கையில எடுத்துட்டு போங்க. வெறும் வாயால "அரை இஞ்ச் வாசர் குடுங்கண்ணே"னு கேட்டா அவர் மூணு தினுசு எடுத்து வைப்பார், நாம மூணுல தப்பானத எடுத்துட்டு வருவோம்.

எந்த டேப்பு வேலைக்கும் மொதல்ல தண்ணிய நிறுத்தணும். சிரிக்காதீங்க, நான் ரெண்டு தபா இதுலயே மாட்டிக்கிட்டேன். மாடி டேங்க்லருந்து இறங்கற லைன்ல ஒரு கேட் வால்வு இருக்கும், அஞ்சு வருஷமா யாரும் தொட்டிருக்க மாட்டாங்க, தொட்டா சுத்தாது, சுத்துனா மூடாது, மூடுனாலும் சொட்டும். அதனால ஞாயித்துக்கெழமை வேலைன்னா சனிக்கெழமையே மேல போய் வால்வை மூடி தொறந்து பாத்துடுங்க. மாசத்துக்கு ஒரு தபா சும்மா மூடி தொறந்தாலே அது இறுகாது. மூடவே மாட்டேங்குதுன்னா டேங்க் தண்ணி தீர்ற வரைக்கும் காத்திருக்கணும், இல்ல டேங்க் உள்ளார அவுட்லெட் ஓட்டைய துணியால அடைக்கணும், அடைக்கறதுன்னா அந்த துணில ஒரு கயிறு கட்டி வெளிய விட்டு வைங்க, இல்லன்னா துணி பைப்புக்குள்ள போய் அது வேற பேஜார். அப்புறம் சமையலுக்கு ரெண்டு குடம் தண்ணி புடிச்சு வெச்சுட்டு ஆரம்பிங்க, வேலை எப்ப முடியும்னு யாருக்கும் தெரியாது.

சுத்தி சுத்தி மூடற பழைய மாடல் பித்தளை டேப்பு சொட்டுதுன்னா பெரும்பாலும் வாசர்தான் காரணம். தண்ணிய நிறுத்திட்டு டேப்பை தொறந்து விட்டு பைப்புல மிச்சம் இருக்கறத வடிய விடுங்க. தலைல இருக்கற சின்ன ஸ்க்ரூவ எடுத்துட்டு கைப்பிடிய உருவுங்க, கீழ ஆறு பட்டை நட்டு தெரியும், அத ஸ்பானர் வெச்சு கடிகாரத்துக்கு எதிர்ப்பக்கம் திருப்பணும். பளபள டேப்பா இருந்தா ஸ்பானருக்கு நடுவுல ஒரு துணிய வைங்க, இல்லன்னா கீறல் விழும். இன்னொரு கையால டேப்பு உடம்ப இறுக்கி புடிச்சுக்கணும், விட்டா டேப்பே மொத்தமா செவுத்துலருந்து சுத்த ஆரம்பிச்சுடும். நட்டு வந்தா ஸ்பின்டல், அதாவது கைப்பிடியோட சுத்தற தண்டு, கையோட வந்துடும், அதுக்கு அடியிலதான் வாசர். போன மாசம் எங்க வீட்டுதை எடுத்து பாத்தேன், நடுவுல வட்டமா பள்ளம் விழுந்து, கல்லு மாதிரி காஞ்சு, ஓரத்துல வெள்ளையா உப்பு கட்டியிருந்துச்சு, நகத்தால கீறினா பொடியா உதிருது. புது வாசர் போடறதுக்கு முன்னாடி விரலை உள்ள விட்டு அந்த வாசர் உக்கார்ற விளிம்ப தடவி பாருங்க. வழவழன்னு இருந்தா வாசர் மட்டும் போதும். சொரசொரன்னு பள்ளமா இருந்தா எத்தன வாசர் போட்டாலும் ரெண்டு வாரத்துல திரும்ப சொட்டும், டேப்பையே மாத்திடுங்க. மூடும்போது சொட்டல, தொறக்கும்போது மட்டும் கைப்பிடி அடியில கசியுதுன்னா வாசர்ல தப்பு இல்ல, ஸ்பின்டலை சுத்தி இருக்கற பேக்கிங் தேஞ்சிருக்கும், அங்க டெப்லான் டேப்ப திரிச்சு நாலு சுத்து சுத்தி நட்ட போட்டா நின்னுடும்.

வாசர் சீக்கிரம் போறதுக்கு உப்பு பாதி காரணம்னா நம்ம கை பாதி காரணம். எங்க அம்மா டேப்ப மூடுனா அடுத்த ஆளு தொறக்க முடியாது. சொல்லிப் பாத்துட்டேன், கேக்கல.

இப்ப வர்ற அரை சுத்து டேப்புல வாசர் கெடையாது, உள்ள ரெண்டு பீங்கான் தட்டு ஒண்ணு மேல ஒண்ணு உரசி தண்ணிய மூடும். நடுவுல ஒரு மணல் துகளோ உப்புப் பொருக்கோ மாட்டுனா சொட்டும். அந்த தட்டுங்க இருக்கற கார்ட்ரிட்ஜ கழட்டி வினிகர்ல ஒரு மணி நேரம் ஊற வெச்சு பிரஷ்ஷால தேச்சு போட்டா பல நேரம் சரியாயிடும், இல்லன்னா அதே சைஸ்ல புதுசு வாங்கணும், மேல இருக்கற பல்லு எண்ணிக்கை மாறினா கைப்பிடி உக்காராது. உப்புக்கறைக்கு பாத்ரூம் ஆசிட்ட டேப்பு மேல ஊத்தாதீங்க, கறையோட பளபளப்பும் போயிடும். அந்த ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒண்ணா கலக்கவே கலக்காதீங்க, குளோரின் வாயு வரும், கதவு மூடுன பாத்ரூம்ல அது உயிருக்கே ஆபத்து.

முழு டேப்பையும் மாத்தறதுலதான் நான் நல்லா அடி வாங்கினேன். ரெண்டு வருஷம் முன்னாடி சமையலறை டேப்பு. செவுத்துக்குள்ள சிபிவிசிங்கற பிளாஸ்டிக் பைப்பு, அதோட முனைல பித்தளை மரை வெச்ச எல்போ (வளைவு), அதுல டேப்பு மாட்டியிருக்கு. பைப் ரிஞ்ச்ச போட்டேன், அசையல. ரிஞ்ச் கைப்பிடில ஒரு பைப்ப சொருகி நீளமாக்கி முழு பலத்தோட ஒரே இழுப்பு இழுத்தேன், டக்குனு ஒரு சத்தம், சூப்பரா கழண்டுச்சுன்னு நெனச்சேன். டேப்பு கழண்டது உண்மைதான், கூடவே எல்போவும் செவுத்துக்குள்ள வெடிச்சிருச்சு. புது டேப்ப மாட்டி தண்ணிய தொறந்தா வெளிய ஒரு சொட்டு இல்ல, சாயங்காலம் கீழ் வீட்டு அக்கா வந்து "தம்பி, எங்க சாமி ரூம் செவுரு ஈரமா இருக்கே"ங்கறாங்க. மறுநாள் பிளம்பர் அண்ணன் வந்து நாலு டைல்ஸ ஒடச்சு எல்போவ மாத்தினாரு. கிளம்பும்போது கேட்டாரு, "ஏம்ப்பா, கழட்டும்போது ஒரு தபாவாவது மூடற பக்கம் திருப்புனியா?"

அவர் சொல்லிக் குடுத்தது இதுதான். மரைல ஸ்ப்ரே அடிச்சுட்டு அரை மணி நேரம் விடு. அப்புறம் கழட்டற பக்கம் இழுக்காம மொதல்ல இறுக்கற பக்கம் நூலளவு திருப்பு, அந்த அசைவுல மரை நடுவுல கட்டியிருக்கற உப்பு நொறுங்கும். பிறகு கழட்டற பக்கம் கொஞ்சம், திரும்ப இறுக்கற பக்கம் கொஞ்சம்னு ஆட்டி ஆட்டி எடு. கடைவாய்ப் பல்லு புடுங்கற மாதிரி. நானும் அன்னிலருந்து அப்படித்தான் பண்றேன், ஆங்கிள் வால்வா இருந்தாலும் ஷவரா இருந்தாலும், இதுவரைக்கும் ஒண்ணும் ஒடையல. ஆட்டியும் வரலன்னா விட்டுட்டு அவரையே கூப்பிடறேன், டைல்ஸ் காசோட ஒப்பிட்டா அவர் கூலி கம்மிதான்.

புது டேப்புக்கு டெப்லான் சுத்தறதுலயும் ஒரு விஷயம் இருக்கு. மரை முனை உங்க மூஞ்சிய பாக்கற மாதிரி புடிச்சுக்கிட்டு கடிகாரம் சுத்தற பக்கமே சுத்துங்க. எதிர்ப்பக்கம் சுத்துனா மாட்டும்போது டேப் உரிஞ்சு சுருண்டு வெளிய வந்துடும். இழுத்து புடிச்சு பத்து பன்னெண்டு சுத்து, மரை லூஸா இருந்தா இன்னும் கொஞ்சம். மொதல்ல கையாலயே போற வரைக்கும் திருப்புங்க, மரை கோணலா ஏறினா அங்கயே தெரிஞ்சுடும். கடைசி ஒரு சுத்துக்கு மட்டும் ஸ்பானர். டேப்பு மூக்கு கீழ பாக்காம பக்கவாட்டுல நின்னுச்சுன்னா நேராக்கறதுக்காக பின்னாடி திருப்பிடாதீங்க, எல்லாரும் பண்ற தப்பு அது, திருப்புன உடனே கசியும். முழுசா கழட்டி இன்னும் நாலு சுத்து டெப்லான் சுத்தி திரும்ப மாட்டுங்க. டைல்ஸ் மட்டத்துக்கு உள்ள மரை போயிருந்தா எக்ஸ்டென்ஷன் நிப்பிள்னு கேட்டா குடுப்பாங்க.

வாஷ்பேசினுக்கும் ஃப்ளஷ் டேங்குக்கும் போற கனெக்ஷன் பைப்புக்கு டெப்லான் வேணாம், அதுக்குள்ளயே ரப்பர் வாசர் இருக்கு, கையால இறுக்கி ஸ்பானர்ல கால் சுத்து போதும். மேல ஸ்டீல் கம்பி பின்னல் இருக்கற பைப்பு நம்ம பக்கம் நட்டு ஓரத்துல மொதல்ல பழுப்பாகும், அப்புறம் கம்பி ஒண்ணு ஒண்ணா பிரியும். பிரிய ஆரம்பிச்சதுமே மாத்திடுங்க, அது வெடிக்கறது எப்பவும் நாம ஊருக்கு போயிருக்கறப்பதான்.

ஃப்ளஷ் டேங்க் சத்தமில்லாம தண்ணி குடிக்கும். நைட்டு டேங்க்ல சொட்டு நீலம் நாலு சொட்டு விட்டு இருபது நிமிஷம் யாரும் போகாம பாத்துக்குங்க, கோப்பைல நீலம் வந்தா அடியில இருக்கற ரப்பர் வாசர் போச்சு. ஆனா தண்ணி மேல ஓவர்ஃப்ளோ குழாய் வழியா வழியுதுன்னா மிதவை வால்வு மூடல, மிதவைய கொஞ்சம் கீழ இறக்கி வைங்க. காசு குடுத்து வாங்கற லாரி தண்ணிய ராத்திரி பூரா கக்கூஸ்ல விடறது எந்த ஊரு நியாயம். சம்ப்பு உள்ள இறங்கற வேலையும் செப்டிக் டேங்க் வேலையும் நம்மளோடது இல்ல, மூடிய தொறந்து எட்டிப் பாக்கறதோட நிறுத்திக்குங்க.

கரண்ட்டு வேலைக்கு வருவோம். இங்க தப்புக்கு ரெண்டாவது சான்ஸ் கெடையாது, அதனால மெதுவா படிங்க. நம்ம லைன் 230 வோல்ட். மெயின ஆஃப் பண்ணுங்க. பழைய வீடா இருந்து பீங்கான் ஃப்யூஸ் கேரியர்னா அத உருவி சட்டை பாக்கெட்டுக்குள்ள போட்டுக்குங்க, அங்கயே வெச்சா வீட்ல யாராவது நல்ல எண்ணத்துல திரும்ப சொருகிடுவாங்க. இன்வெர்ட்டர் இருந்தா அதையும் ஆஃப் பண்ணணும், மெயின் ஆஃப் ஆனதும் இன்வெர்ட்டர் தன் பாட்டுக்கு அதே ஃபேனுக்கும் லைட்டுக்கும் கரண்ட்டு குடுக்கும், நெறைய பேர் மறக்கறது இங்கதான். டெஸ்டர மெயின் ஆஃப் பண்றதுக்கு முன்னாடி ஒரு ஓடற பாயிண்ட்ல வெச்சு எரியுதான்னு பாருங்க, ஆஃப் பண்ணிட்டு நம்ம வேலை செய்யற வயர்ல எல்லாம் வெச்சு பாருங்க. டெஸ்டரே செத்துப் போயிருந்தா அதுவும் எரியாதுதானே. கால்ல ரப்பர் செருப்பு, காஞ்ச கை, மரம் இல்ல பிளாஸ்டிக் ஸ்டூல். இரும்பு சேர் மேல ஏறாதீங்க.

சுவிட்ச் மாத்தறது. போர்டு முகத்த கழட்டினதும் எதையும் தொடாம செல்லுல ரெண்டு போட்டோ எடுங்க. விதிப்படி சிவப்பு, மஞ்சள், நீலம் எல்லாம் ஃபேஸ் (கரண்ட்டு வர்ற வயர்), கறுப்பு நியூட்ரல் (திரும்பிப் போற வயர்), பச்சை எர்த், ஆனா பழைய வீட்ல வயர் போட்ட புண்ணியவான் கையில என்ன கலர் இருந்துச்சோ அத இழுத்திருப்பாரு, கலர நம்பாதீங்க. நம்ம பக்கம் வயர் முனைய பாத்தா செம்பு மேல பச்சையா களிம்பு புடிச்சிருக்கும், இல்ல சூட்டுல கறுத்திருக்கும். அத அப்படியே புது சுவிட்ச்ல சொருகினா நாலு மாசத்துல திரும்ப லூஸ் கான்டாக்ட், சுட்டு சுவிட்ச் உருகும். அந்த முனைய வெட்டிப் போட்டுட்டு புதுசா ஒரு சென்டிமீட்டர் உரிங்க, செம்பு கம்பிங்கள முறுக்கி, மெல்லிசா இருந்தா ரெண்டா மடிச்சு, டெர்மினல்ல சொருகி ஸ்க்ரூவ இறுக்குங்க. இறுக்கிட்டு வயர ஒரு இழுப்பு இழுத்து பாருங்க, வரக்கூடாது. பிளாஸ்டிக் தோலு ஸ்க்ரூவுக்கு அடியில மாட்டியிருக்கக் கூடாது, வெறும் செம்பு டெர்மினலுக்கு வெளியவும் தெரியக் கூடாது. வாங்கும்போது உள்ள டெர்மினல் பித்தளையான்னு பாருங்க, ஒரு சின்ன காந்தத்த காட்டுங்க, ஒட்டுச்சுன்னா இரும்பு, அது நம்ம காத்துக்கு ஆவாது. வயர் வெள்ளையா வளைச்சா ஒடையற மாதிரி இருந்தா அது அலுமினியம், அதோட செம்பு வயர முறுக்கி சேக்காதீங்க, அங்க ஆள கூப்பிடுங்க.

சுவிட்ச் எப்பவும் ஃபேஸ் வயர் நடுவுலதான் வரணும். நியூட்ரல் நடுவுல மாட்டிட்டா லைட்டு அணையும், ஆனா ஹோல்டர்ல கரண்ட்டு நிக்கும், பல்ப் மாத்த போறவனுக்கு ஷாக்கு. சுவிட்ச் ஆஃப் பண்ணியும் எல்இடி பல்ப் மங்கலா மினுக்குதுன்னா இதையும் ஒரு தபா செக் பண்ணுங்க. மூணு ஓட்டை பிளக் பாயிண்ட்ட நேரா பாத்தா மேல பெரிய ஓட்டை எர்த், வலது கை பக்கம் ஃபேஸ், இடது பக்கம் நியூட்ரல்.

சின்ன பிளக் 6 ஆம்பியர், பெருசு 16. இண்டக்ஷன் அடுப்பு 2000 வாட்னா 230ஆல வகுத்தா 8.7 ஆம்பியர் வருது, அத சின்ன பிளக்ல கன்வெர்ட்டர் போட்டு சொருகறவங்க வீட்லதான் போர்டு கருகும். பெரிய பிளக்குக்கு 2.5 ஸ்கொயர் எம்எம் வயர் வந்திருக்கணும், சுவிட்ச் மட்டும் பெருசா மாத்தி மெல்லிசு வயர விட்டா செவுத்துக்குள்ள சூடாகும். ஃப்யூஸ் அடிக்கடி போகுதுன்னு தடியா செம்பு கம்பிய கட்டற பழக்கம் இன்னும் பல வீட்ல இருக்கு, ஃப்யூஸ் போகாது, வயர் போகும்.

ஃபேன் மெதுவா ஓடுதா, இல்ல ம்ம்ம்னு சத்தம் மட்டும் வந்து சுத்த மாட்டேங்குதா? ஒரு குச்சியால றெக்கைய தள்ளி விடுங்க, தள்ளினதும் ஓட ஆரம்பிச்சா, ஃபேன சுத்த ஆரம்பிக்க வைக்கற கெப்பாசிட்டர் போச்சு. மெயின ஆஃப் பண்ணிட்டு மேல கிண்ணத்த இறக்கினா சின்ன பெட்டி மாதிரி இருக்கும், அதுல 2.5 எம்எஃப்டி (மைக்ரோஃபாரட்)ன்னு எழுதியிருக்கும், சில ஃபேனுக்கு 3.15, பழசுல என்ன இருக்கோ அதையே வாங்குங்க. கழட்டறதுக்கு முன்னாடி கைப்பிடி நல்லா இருக்கற ஸ்க்ரூ டிரைவரால ரெண்டு முனையையும் ஒரு தபா சேத்துத் தொட்டு மிச்ச சார்ஜ எடுத்துடுங்க. ரெண்டு வயர்ல எத எதுல குடுத்தாலும் சரிதான். குச்சியால தள்ளியும் கரகரன்னு இறுகி நின்னா பேரிங், அது ஃபேன கடைக்கு தூக்கிட்டு போற வேலை.

கெய்சர் போட்டா பாத்ரூம் டேப்புல சுர்ருன்னு அடிக்குதுன்னா டேப்ப நோண்டாதீங்க. உப்புத் தண்ணில காயில் வெடிச்சு கரண்ட்டு தண்ணிக்கு வந்திருக்கலாம், எர்த்தும் சரியில்லன்னு அர்த்தம். உடனே ஆஃப் பண்ணிட்டு எலக்ட்ரீஷியன கூப்பிடுங்க. கரண்ட்டு கசிஞ்சா தானா கட் பண்ற 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி வீட்ல இல்லன்னா அவர் வந்த கையோட அதையும் மாட்டச் சொல்லுங்க, மாட்டினதுக்கு அப்புறம் அதுல இருக்கற டெஸ்ட் பட்டன அப்பப்ப அமுக்கி டப்புனு விழுதான்னு பாருங்க. மீட்டரும் அதுக்கு முன்னாடி இருக்கறதும் ஈபிக்காரங்களோடது, சீலத் தொடக்கூடாது, மின்வாரியத்தோட புகார் மையம் மின்னகம் 94987 94987ல சொன்னா போதும்.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலப்ப தண்ணி ஏறுன வீடுங்கள்ல கீழ் போர்டு எல்லாம் வெளிய காஞ்ச மாதிரி இருந்துச்சு, உள்ள சேறு. தண்ணி பட்ட போர்ட தொறந்து பாக்காம மெயின போடாதீங்க, சேறு போன சுவிட்ச கழுவி காய வெச்சு திரும்ப போடற சிக்கனமும் வேணாம்.

இன்னும் ஒண்ணு, யாரும் பாக்காத எடம். கெப்பாசிட்டர் மாத்த மேல ஏறினீங்கன்னா கிண்ணம் கீழதானே இருக்கு, அப்படியே கொக்கி, ராடு, அந்த போல்ட்டு, அதுல குறுக்க மாட்டற ஊசி எல்லாத்தையும் டார்ச் அடிச்சு பாத்துடுங்க. எங்க ஹால் ஃபேன்ல ஊசி துருப்புடிச்சு பாதி இல்ல, போல்ட்டு ஆடுது. அதுக்கு நேர் கீழதான் எங்க அம்மா பாய் போட்டு படுப்பாங்க. புது போல்ட்டும் ஊசியும் கடையில சில்லறைக் காசுதான், மாட்ட கால் மணி நேரம், ஃபேன தாங்கிப் புடிக்க மட்டும் இன்னொரு ஆளு வேணும். அன்னிக்கு தாங்கினது கீழ் வீட்டு அக்கா பையன், மேல பாத்துட்டு "அண்ணா, எங்க வூட்டுதையும் ஒரு தபா பாரேன்"னான். அங்க போய் பாத்தா எங்களதவிட மோசம்.